‘எண்ணெய்’ என்ற சொல்லின் புள்ளிகள் முதலில் தெரியட்டும்

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். பெரியப்பா மகன் வெப்சைட் செய்து கொடுத்தான். அவன் லேப்டாப்பில் அழகாக இருக்கிறது. என் போனில் எழுத்து வேறு மாதிரி, சில இடங்களில் தலை வெட்டுப்படுகிறது. பாட்டில் லேபிளில் ஒரு பச்சை, ஃபிளெக்ஸ் போர்டில் இன்னொரு பச்சை. போர்டில் ‘கொப்பரை’ என்ற சொல்லே உடைந்து வந்தது. லோகோவை மாற்றினால் எல்லாம் சரியாகுமா? எங்கள் பெயர் ‘ஸ்ரீ’யில் தொடங்கி ‘ஆலை’யில் முடியும். அந்த ‘லை’யைப் பழைய தும்பிக்கை எழுத்தில் போடச் சொல்கிறார் என் மாமனார். போடலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

வணக்கம். லோகோவில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், உங்கள் ஆலையின் பெயர் ஐந்து வகை எழுத்தில் இருக்கிறது. லேபிளில் ஒன்று, மூடியில் ஒன்று, போர்டில் ஒன்று, பில் புத்தகத்தில் ஒன்று, வெப்சைட்டில் போனுக்குப் போன் வேறொன்று. செக்கும் காளையும் உங்கள் ஊரில் எல்லார் லேபிளிலும் உண்டு. போன மாதம் வாங்கிய பாட்டிலை இந்த மாதம் கடை அலமாரியில் தேடுகிறவருக்கு, பெயர் எழுதப்பட்டிருக்கும் விதம்தான் அடையாளம். அதுவே இடத்துக்கு இடம் மாறினால் அவர் கை பக்கத்துப் பாட்டிலுக்குப் போகும். அதனால் எழுத்தை நிலைப்படுத்துவதுதான் முதல் வேலை. நிறம் அதற்குப் பிறகு, சின்னம் கடைசியில்.

வெப்சைட்டிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. அதைச் செய்து கொடுத்த தம்பி ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

முதலில் ஒரு சோதனை. போனில் தளத்தைத் திறந்து ஏதாவது ஒரு வரியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் வீட்டில் யாருக்காவது அனுப்புங்கள். தமிழாகவே போய்ச் சேர்ந்தால் அது யூனிகோடு, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றம். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த புரியாத வரியாக விழுந்தால் அது பாமினி போன்ற பழைய குறியேற்றம். நகலெடுக்கவே முடியவில்லை என்றால், எழுத்தைப் படமாக ஒட்டியிருக்கிறார்கள். பழைய குறியேற்றத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்திருப்பார்கள். அந்த எழுத்துரு (ஃபான்ட்) இல்லாத போனில் உருவம் போய் ஆங்கிலம் மிஞ்சும். ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று தேடுகிறவருக்கும் அந்தப் பக்கம் அகப்படாது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அச்சகங்களில் பழையவை இன்னும் ஓடுவதால், லேபிள் மேட்டரை அப்படியே தளத்தில் ஒட்டும்போது இந்தச் சிக்கல் உள்ளே வந்துவிடுகிறது.

படங்களில் தெரிகிறவரை உங்கள் பக்கத்தில் இருப்பது யூனிகோடுதான். கோளாறு வேறிடத்தில். உங்கள் தளத்தின் ஆங்கிலத் தலைப்புகள் பாப்பின்ஸ் எழுத்துருவில் இருக்கின்றன, டெம்ப்ளேட்டோடு வந்திருக்கும். பாப்பின்ஸில் லத்தீன் எழுத்தும் தேவநாகரியும் உண்டு, தமிழ் கிடையாது. எழுத்துருவில் இல்லாத எழுத்து வந்தால் பிரவுசர் அந்தக் கருவியில் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். விண்டோஸ் லேப்டாப்பில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம் எம்.என். தம்பி பார்த்ததும் நீங்கள் பார்ப்பதும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். ரோபோட்டோ, மான்ட்செராட் என்று எதை மாற்றிப் போட்டாலும் இதே கதைதான். அவற்றிலும் தமிழ் இல்லை.

தமிழ் எழுத்தே உள்ள ஓர் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ், அனேக் தமிழ் என்று நல்லவை இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாம் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற உரிமத்தில் வருபவை. லேபிளில் அச்சிட்டு விற்கலாம், தளத்தில் போடலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. டி.டி.பி. கடையில் பென் டிரைவில் ஏற்றித் தருகிற எழுத்துருக்களுக்கு இந்த உரிமை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வணிகத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உங்களுக்கு நான் சொல்வது அனேக் தமிழ். மும்பையின் ஏக் டைப் நிறுவனம் பத்து எழுத்துமுறைகளுக்குச் செய்த குடும்பத்தில் ஒன்று. இதில் தடிமனோடு அகலத்தையும் மாற்றலாம், 75 சதவீதத்திலிருந்து 125 சதவீதம் வரை. லேபிள் வேலைக்கு இது பெரிய வசதி. ‘தேங்காய் எண்ணெய்’ இடத்துக்குள் அடங்கவில்லை என்றால் டி.டி.பி.யில் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கிவிடுவார்கள். நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலியும், கிடைக்கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும். உங்கள் கடலை எண்ணெய் லேபிளில் எழுத்து தள்ளாடுகிற மாதிரி தெரிவது அதனால்தான். அனேக்கின் குறுகிய வடிவம் குறுக்கியே வரையப்பட்டது. கோடுகளின் சமன் கெடாது. அதற்குள்ளேயே ஆங்கில எழுத்தும் பொருத்தமான அளவில் இருக்கிறது. ஆக ஒரே குடும்பத்தில் தளம், லேபிள், போர்டு, பில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். இரண்டாவது எழுத்துரு வேண்டாம்.

என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு மூன்று எழுத்துருக்களில் உங்கள் சொற்களையே அடித்து, 7 பாயின்ட் அளவில் காகிதத்தில் எடுத்து, உங்கள் மாமனாரிடம் கொடுத்துக் கை நீட்டிப் பிடித்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பிரிந்து தெரிய வேண்டும். துணைக்காலையும் ‘ர’வையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘ன’வும் ‘ண’வும் ஒன்றுபோல் ஆகிவிடக் கூடாது. உங்களுக்கு ‘எண்ணெய்’ என்ற சொல்லே போதுமான பரீட்சை. நாலே எழுத்தில் இரண்டு ணகரம், ஒரு கொம்பு, இரண்டு புள்ளி. புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டாலோ ணகரத்தின் சுழிகள் மையால் அடைபட்டாலோ அந்த எழுத்துரு சிறிய அளவுக்கு ஆகாது. இன்னொன்று: உங்கள் பில் புத்தகத்தில் ‘எண்ணை’ என்று இருக்கிறது. ‘எண்ணெய்’ என்பதே சரி. நீங்கள் விற்கும் பொருளின் பெயர் அது. அடுத்த அச்சில் முதலில் இதைத் திருத்துங்கள்.

இனி தம்பிக்குச் சில குறிப்புகள். இந்தப் பகுதியை அவரிடம் அப்படியே காட்டலாம்.

தலை வெட்டுப்படுவது வரி உயரத்தால். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தலைப்புகளின் லைன்-ஹைட் 1 அல்லது 1.2 என்று இருக்கும். தமிழில் ‘கீ’, ‘தீ’ போன்றவற்றின் சுழி மேலே எழும்புகிறது, புள்ளியும் மேலே நிற்கிறது, ‘கூ’, ‘ரு’, ‘ழு’ கீழே இறங்குகின்றன. இரண்டு வரிக்கு நடுவில் இவை மோதிக்கொள்ளும். பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ-ஹிடன் போட்டிருந்தால் வெட்டுப்பட்டுவிடும். ஓடும் உரைக்கு 1.6 முதல் 1.75, தலைப்புக்கு 1.3 முதல் 1.4 வையுங்கள். பட்டன்களுக்கு நிலையான உயரம் கொடுக்காமல், மேலும் கீழும் பேடிங் கொடுத்து, குறைந்தது 48 பிக்சல் உயரம் வருமாறு செய்யுங்கள். கட்டைவிரலுக்கும் அது போதும்.

லெட்டர்-ஸ்பேசிங்கைத் தமிழுக்குச் சுழியமாக்குங்கள். ஆங்கிலத் தலைப்பைப் பெரிய எழுத்தாக்கி இடைவெளி விட்டு எழுதுவது ஒரு பாணி. தமிழில் அதே இடைவெளி சொல்லைத் துண்டு துண்டாகக் காட்டும். ‘தே ங் கா ய்’ என்று பல் விழுந்த மாதிரி தெரியும். சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழில் அப்படியொரு மரபு இல்லை, எழுத்துருவிலும் பெரும்பாலும் இருக்காது. பிரவுசர் தானே எழுத்தைச் சாய்த்துவிடும், கொம்பு பக்கத்து எழுத்தின் மேல் விழும். அழுத்திச் சொல்ல வேண்டியதைத் தடிமனில் சொல்லுங்கள். அந்தத் தடிமனும் எழுத்துருவில் உண்மையில் இருக்க வேண்டும். 400, 700 இரண்டையும் ஏற்றினால் போதும். இல்லாத தடிமனைக் கேட்டால் பிரவுசர் எழுத்தைச் சுற்றிக் கோடு பூசி ஒப்பேற்றும், சுழிகள் அடைந்துவிடும்.

ஓடும் உரை 17 அல்லது 18 பிக்சல். 360 பிக்சல் அகலப் போனில் அந்த அளவில் வரிக்கு மூன்று, நான்கு சொல்தான் நிற்கும். நம் சொற்கள் நீளமானவை. அதனால் இருபக்கமும் சமமாக இழுத்துக் கட்டும் ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். சொற்களுக்கு நடுவே வாய்க்கால் வெட்டிய மாதிரி ஆகிவிடும். இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். மிக நீண்ட சொல் பெட்டியை மீறாமலிருக்க ஓவர்ஃப்ளோ-ராப் என்பதற்கு பிரேக்-வேர்ட் கொடுத்துவிடுங்கள். பட்டனில் ‘இப்பொருளைக் கூடையில் சேர்த்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘கூடையில் சேர்’ போதும். உங்கள் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில்தான் அதிகம் கேட்பார்கள் என்றால், அந்தப் பட்டனை முதலில் வையுங்கள்.

எழுத்துருவை வாஃப்2 வடிவில் உங்கள் சர்வரிலேயே வைத்து, ஃபான்ட்-டிஸ்ப்ளே என்பதற்கு ஸ்வாப் கொடுத்தால், எழுத்துரு இறங்கும்வரை பக்கம் வெறுமையாக நிற்காது. போனின் எழுத்தில் தெரிந்து பிறகு மாறும். மாறும்போது பக்கம் குதிக்காமலிருக்க எழுத்துருவை முன்கூட்டியே ஏற்றச் சொல்லுங்கள், படங்களுக்கெல்லாம் அகலம் உயரம் குறித்துவிடுங்கள். முகப்பில் இருக்கும் செக்குப் படம் கேமராவிலிருந்து வந்த அளவிலேயே இருப்பதுபோல் தெரிகிறது. 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் போட்டால் போதும். முதன்மையான உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கிராமத்துச் சிக்னலில் அந்தப் பெரிய படம் அதற்குள் வந்து சேராது. பக்கத்தின் மொழிக் குறியீடும் இன்னும் ஆங்கிலம் என்றே இருக்கக்கூடும். அதைத் தமிழாக மாற்ற வேண்டும். பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் எந்த மொழிக் குரலை எடுப்பது என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறது.

‘ஸ்ரீ’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். யூனிகோடில் இந்த எழுத்தை இரண்டு விதமாக அடிக்கலாம். ஒன்று ‘ஸ’வில் தொடங்குவது, மற்றொன்று 2005-இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்குவது. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே உருவமாகத் தெரியும். கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு எழுத்துகள். தளத்தில் ஒரு விதமாகவும், கூகுள் மேப்பில் வேறு விதமாகவும் அடித்துவைத்தால், பக்கத்துக்குள் தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. பெரும்பாலோர் அடிப்பது ‘ஸ’வில் தொடங்குவதுதான், அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். பெயரை ஒருமுறை சரியாக அடித்து ஒரு குறிப்பில் சேமித்துக்கொண்டு, எப்போதும் அதிலிருந்தே நகலெடுங்கள்.

இப்போது போர்டு. ‘கொ’ என்பது திரையில் கொம்பு, ககரம், துணைக்கால் என்று மூன்று துண்டாகத் தெரிந்தாலும், யூனிகோடில் ககரமும் அதற்குப் பின்னால் ஓர் உயிர்க்குறியும்தான். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அடோபி மென்பொருள்களில் ஆங்கிலத்துக்கான கம்போஸர் (எழுத்துகளை வரியில் அடுக்கும் பகுதி) ஓடிக்கொண்டிருந்தால் அந்த வேலை நடக்காது. கொம்பு பின்னால் போய் நிற்கும். இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரிலும் ஃபோட்டோஷாப்பிலும் டைப் அமைப்புகளுக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறது. இதைச் செய்யாமல் கொம்பைக் கையால் நகர்த்தி ஒட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த திருத்தத்தில் அது மறுபடி உடையும்.

எழுத்து சரியாக வந்தபின், ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பும் கோப்பில் எல்லா எழுத்தையும் கர்வ் செய்துவிட வேண்டும், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு உருவமாக மாற்றிவிட வேண்டும். கர்வ் செய்யாத கோப்பைத் திறக்கும் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் கர்வ் செய்த எழுத்தில் பிழை திருத்த முடியாது. எனவே திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, அதன் பிரதியை மட்டும் கர்வ் செய்து பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். புரூஃபைத் திரையில் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். காகிதத்தில் எடுத்து, அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். போர்டில் தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் அதற்கு அடுத்த அளவிலும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் கடைகளுக்கான விதியும்கூட. உங்கள் இப்போதைய போர்டில் ஆங்கிலம்தான் பெரிது.

பச்சை ஏன் மாறுகிறது? திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையைக் கலந்து காட்டுகிறது. நீங்கள் எடுத்திருக்கும் பளிச்சென்ற இளம்பச்சை திரையில் மட்டுமே கிடைக்கக்கூடியது. நான்கு மையில் அது மங்கும், ஃபிளெக்ஸ் இயந்திரத்தில் இன்னொரு மாதிரி மங்கும். அடர்ந்த பச்சைக்குப் போய்விடுங்கள். திரைக்குச் சிவப்பு 20, பச்சை 70, நீலம் 40 என்று வைத்தால், வெள்ளைமேல் அதன் வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 10:1-க்கு மேல் வரும். இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5:1. உங்கள் தளத்தில் விலை எல்லாம் வெள்ளைமேல் மஞ்சளில் இருக்கிறதே, அது ஏறக்குறைய 1.5:1தான், வெயிலில் போனைப் பிடித்தால் விலையே தெரியாது. அதே மஞ்சளை இந்த அடர்பச்சைமேல் போட்டால் சுமார் 7:1 கிடைக்கும். மஞ்சளை விட வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும்.

அச்சுக்கு, பிரஸ்ஸில் ஒரு முறை சரியாக வந்த பச்சையின் நான்கு மை அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதிக எண்ணிக்கையில் லேபிள் போடும்போது, அந்தப் பச்சையைக் கலவையாக இல்லாமல் தனி மையாக, பான்டோன் என்ற நிற அட்டவணையின் எண்ணைக் குறித்து அடிக்கச் சொல்லலாம். எழுத்துக்கும் அது நல்லது. நான்கு மை கலந்து அடித்த சிறிய எழுத்தில் ஒரு பிளேட் இம்மி நகர்ந்தாலும் புள்ளியைச் சுற்றி வேறு நிறம் கசியும். சிறிய எழுத்து எப்போதும் ஒரே மையில் இருக்கட்டும், கறுப்பிலோ அந்தத் தனிப் பச்சையிலோ. பச்சைப் பின்னணியில் வெள்ளையாக விடும் எழுத்தை 8 பாயின்ட்டுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். மை பரவி ‘ய்’ ‘ய’ ஆகிவிடும்.

லேபிளைப் பற்றித்தான் இன்னும் நிறையச் சொல்ல வேண்டும். உங்கள் பாட்டில் படத்தில் லேபிளின் ஓரம் எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருக்கிறது. அது காகித லேபிள். எண்ணெய்க்கு வெள்ளை பி.பி. (பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்) ஃபிலிம் லேபிளே சரி, மேலே லேமினேஷனோடு. ஒளிபுகும் ஃபிலிமில் போட்டு எண்ணெயின் பொன்னிறம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால், எழுத்துக்கும் படத்துக்கும் அடியில் வெள்ளை மை அடிக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பச்சை எழுத்து எண்ணெயின் நிறத்தோடு கலந்து கறுத்துவிடும்.

பாட்டில் உருண்டையானது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. விட்டம் 85 மி.மீ. என்றால் சுற்றளவு 267 மி.மீ. எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வசதியாகத் தெரிவது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 90 மி.மீ.க்குள். உங்கள் பெயரே 120 மி.மீ. ஓடுகிறது, தட்டில் நிற்கும்போது ‘ஸ்ரீ’யோ ‘ஆலை’யோ ஒன்றுதான் தெரியும். பெயரை இரண்டு வரியாக்கி 70 மி.மீ. அகலத்துக்குள் அடக்குங்கள். அதன் கீழே எண்ணெயின் பெயர், ஆலையின் பெயரைவிடப் பெரிதாகவே இருக்கலாம். அவசரத்தில் எடுப்பவருக்கு அது நல்லெண்ணெயா கடலை எண்ணெயா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். மூன்று எண்ணெய்க்கும் லேபிள் ஒன்றே, அதே எழுத்து, அதே இடம்; குறுக்கே ஓடும் ஒரு பட்டையின் நிறம் மட்டும் மாறட்டும்.

பின்பக்க விவரங்கள் அழகுக்கானவை அல்ல. நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, பேட்ச் எண், தேதி, தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், சதுரத்துக்குள் பச்சை வட்டம் எல்லாம் சட்டம் கேட்பவை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடுதலாகத் தாராளமாகப் போடலாம். ஆகவே உங்கள் லேபிள் இருமொழி லேபிள் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு இடம் பிரியுங்கள். முன்பக்கத்தில் தமிழ் ஆளட்டும், ஆங்கில விவரங்கள் பின்பக்கத்தில் ஒரே பத்தியாக நிற்கட்டும். தேதியும் பேட்ச் எண்ணும் பிறகு அடிப்பவை. அதற்கு 40-க்கு 15 மி.மீ. வெற்றிடத்தை லேமினேஷன் இல்லாமல் விடச் சொல்லுங்கள். பளபளப்பின்மேல் அந்த மை நிற்காது, கை பட்டால் அழியும். முன்பக்கத்தில் ‘கொலஸ்ட்ராலை விரட்டும்’ என்று போட்டிருக்கிறீர்கள். சமையல் எண்ணெய் லேபிளிலும் விளம்பரத்திலும் இதுபோன்ற சொற்களை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. உடனே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘மரச்செக்கில் ஆட்டியது’ என்று உண்மையைப் போட்டாலே போதும்.

உங்கள் மாமனார் கேட்ட ‘லை’க்கு வருகிறேன். நல்ல யோசனை. பெரியார் 1935-இலிருந்து தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்த எழுத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. அதில் மாறிய 13 எழுத்துகளில் ‘லை’யும் ஒன்று. ணை, ளை, னை அதன் கூட்டாளிகள். அதற்கு முன் இவை நான்கும் ‘கை’யில் வருகிற சங்கிலிக்கொம்பு இல்லாமல், மேலே யானைத் தும்பிக்கை வளைந்த உருவில் எழுதப்பட்டன. இன்றைய பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்ததில்லை, ஆனால் ‘ஆலை’ என்ற சொல்லில் இடத்தை வைத்து ஊகித்துவிடுவார்கள். பெயரில், அந்த ஓர் இடத்தில் மட்டும் போடுங்கள். எண்ணெயின் பெயரிலும் விவரங்களிலும் போடாதீர்கள். ‘கடலை’யில் புகுத்தினால் வாசிப்பு தடுமாறும். தளத்தின் தலைப்பிலும் படத்துக்கான மாற்று உரையிலும் இன்றைய ‘லை’யையே அடியுங்கள்.

இதற்காகவே பெயரை எழுத்துருவில் அடித்துக்கொள்ளாமல் கையால் எழுதி வாங்கச் சொல்வேன். தமிழ்நாட்டில் போர்டு எழுதுகிற ஓவியர்கள், பத்திரிகைக் கதைத் தலைப்பும் சினிமா டைட்டிலும் எழுதியவர்கள் என்று எழுத்து வரைவதில் வலுவான ஒரு மரபு இருக்கிறது. லோகோவுக்கு ஒதுக்கிய பணத்தை அப்படிப்பட்ட ஒருவருக்குக் கொடுங்கள். தும்பிக்கை இடப்பக்கமாக வளைந்து முன் எழுத்தின் மேல் எவ்வளவு தூரம் கவிய வேண்டும், ‘ஸ்ரீ’யின் சுழி எந்த உயரத்தில் நின்றால் அதற்கு எதிர் எடையாகும் என்பதெல்லாம் எழுத்துருவால் தீர்க்க முடியாதவை, கைக்குத் தெரியும். எழுதியதை வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு உருவமாக, மாற்றித் தரச் சொல்லுங்கள். போட்டோ எடுத்த படமாக வாங்காதீர்கள்.

அதற்குப் பிறகு சின்னத்தை எளிமையாக்கினால் போதும். இப்போது ஒரு வட்டத்துக்குள் செக்கு, காளை, சூரியன், இலை, சொட்டு ஐந்தும் இருக்கின்றன. 12 மி.மீ. அகலத்தில் மூடியில் அச்சிட்டும், பிரவுசர் தாவலில் வரும் 32 பிக்சல் அளவிலும் பாருங்கள். கறை மாதிரிதான் தெரியும். செக்கு மட்டும் போதும், அதுவும் உலக்கையின் சாய்வு தெரியும் பக்கவாட்டு உருவம். வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் வட்டமாக வெட்டப்படும் என்பதால், சதுரத்தின் நடுவில் எழுபது சதவீத அகலத்துக்குள் உருவம் அடங்க வேண்டும்.

வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவு செய்வதாக இருந்தால் சமையல் எண்ணெய் வருவது 29-ஆம் வகுப்பில். இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்கு. படத்தோடு சேர்ந்த லோகோவாக மட்டும் பதியாமல் பெயரைச் சொல்லாகவே பதிய முயலுங்கள். நாளைக்குச் சின்னம் மாறினாலும் அது காப்பாற்றும். ‘மரச்செக்கு’ போன்ற பொதுச் சொல்லின் மேல் யாருக்கும் தனியுரிமை கிடைக்காது. உங்கள் பெயரின் தனித்த பகுதிக்குத்தான் பாதுகாப்பு.

வேலை முடிந்ததும் எழுதியவரிடமிருந்தும் டிசைனரிடமிருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டியவை: திருத்தக்கூடிய மூலக் கோப்பு, கர்வ் செய்த பி.டி.எஃப்., தளத்துக்கு எஸ்.வி.ஜி., ஒற்றைக் கறுப்பில் ஒரு பிரதி, பச்சைமேல் வைக்க வெள்ளையில் ஒரு பிரதி, எழுத்துருக் கோப்பு, நிற எண்கள் எழுதிய ஒரு தாள். எழுத்து வரைவின் முழு உரிமையும் உங்களுக்கு என்று ஒரு கையெழுத்தும் வாங்குங்கள். டொமைன் பெயர் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று தம்பியிடம் கேளுங்கள். அவர் பெயரில் இருந்தால் அடுத்த புதுப்பித்தலுக்கு முன் உங்கள் ஆலையின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.